நாற்பத்து மூன்று நொடிக் குரல்

டிரம் அண்ட் பேஸ் ரீமிக்ஸ் இணையப் போட்டியில் எல்லோருக்கும் ஒரே குரல் பதிவைத்தான் கொடுத்தார்கள். சரியாக நாற்பத்து மூன்று நொடி. ஜீவிதா அனுப்பிய ரீமிக்ஸில் மட்டும் அந்தப் பாடகி கூடுதலாக ஒரு வரி பாடியிருந்தாள். அந்த வரிக்கே முதல் பரிசு போய்விடும் போலிருந்தது. அதே போட்டியில் கலந்துகொண்ட உதயகுமார் வாழ்த்து அனுப்பிவிட்டு வயிறெரிந்தான். பொறுக்காமல் போனும் செய்தான்.

“எங்கிருந்து சுட்ட ஜீவி?”

“சுடல்லப்பா. முடிஞ்சதும் ஸ்வல்ப வெயிட் பண்ணு, அவங்களே பாடுவாங்க.”

மறுநாள் மதியம், அக்ரஹாரத்து மாடியறையில் தன் பதிவை ஓடவிட்டான். நாற்பத்து மூன்றாவது நொடியில் பாட்டு நின்றது. எதற்கும் இருக்கட்டும் என்று தலையை வாரிக்கொண்டு காத்திருந்தான்.

ஹெட்ஃபோனுக்குள் பாடகி தொண்டையைச் செருமினாள்.

“ஜீவிதா இல்வா? அவ இல்லையா?” என்று விசாரித்தாள்.