அடைக்கணுமா, மாத்தணுமா?

"முழுசா மாத்துங்க! புத்தம் புதுக் கண்ணாடி!"

டாக் போட்ட கத்தலில் மூணு மாடி ஜன்னல்கள் திறந்தன. தென்கொரியாவின் சுவோன் நகரத்து அடுக்குமாடிக் குடியிருப்பில் காலை ஏழு மணி, மைனஸ் பதினாலு டிகிரி. டாக்குடைய காரின் முன்கண்ணாடியில் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல்.

எதிரே காவலாளி மேங். அறுபத்தாறு வயசு. தொப்பி கையில், முதுகு வில் மாதிரி.

"நான்தான் ஐயா. பனி உருகட்டும்னு வெந்நீர் ஊத்திட்டேன். தப்புதான்."

"வெந்நீரா? யோவ், இது காரா, ராமென் நூடுல்ஸ் கிண்ணமா?"

கண்ணாடிக்கடை போங் குனிந்து தடவிப் பார்த்தார். மூக்கால் பேசுகிற மனுஷர்.

"போன வாரமே சொன்னேனே சார். கல் பட்ட ஓட்டை, அரிசி மணி அளவு. அரை மணியில பசை விட்டு அடைச்சிருப்பேன். 'அப்புறம் பாக்கலாம்'னீங்க. வெந்நீர் பட்டதும் விரிசல் ஓடிடுச்சு."

"அது போன வாரம்!"

"இப்பவும் ஓரத்துலதான் இருக்கு. ஓட்டறப்ப கண்ணை மறைக்காது. அடைச்சா தாங்கும்."

"ஒட்டுப் போட்ட கண்ணாடியோட நான் ஆபீஸ் போகணுமா? உடைச்சவர் மாத்தித் தரட்டும்!"

டாக்கின் மனைவி மி-ரான் கோட்டைப் போர்த்திக்கொண்டு ஓடி வந்தாள்.

"ஏங்க, ஒரு நிமிஷம், நான்..."

"நீ சும்மா இரு!"

அவள் குனிந்து தன் செருப்பையே பார்த்தாள்.

சத்தம் கேட்டுக் குடியிருப்பு நிர்வாகி நம்குங் வந்தார். நிதானமாக ஃபைல் புரட்டுகிற வேகத்தில்தான் பேச்சும்.

"மேங்... உங்க மூணு மாச ஒப்பந்தம்... வெள்ளிக்கிழமையோட முடியுது. இந்த நேரத்துல புகார் வந்தா... நான் எப்படி நீட்டிக்கிறது?"

மேங்கின் கையில் தொப்பி நசுங்கியது.

"புகார் என்ன, ஆதாரமே தர்றேன்!" என்றார் டாக். "நிறுத்தி வச்சிருந்தாலும் என் கார் கேமரா பதியும். சத்தத்தோட!"

"வேண்டாங்க ஐயா! நான்தான் ஒத்துக்கிட்டேனே!"

"ஏன் பதறுற? எல்லாரும் பாக்கட்டும்." கேமரா பதிவைக் கைபேசியில் ஓட விட்டு, உயர்த்திப் பிடித்து, ஒலியை முழுசாகக் கூட்டினார்.

திரையில் முதலில் வெறும் வெள்ளை. கண்ணாடி மேல் படிந்த பனி. பிறகு தண்ணீர் வழிந்தது. வழிந்த இடத்தில் ஒரு முகம் தெரிந்தது.

மி-ரான். கையில் கெட்டில்.

"ஐயோ, அவரு லேட்டாயிடக் கூடாதே..."

"அம்மா, ஊத்தாதீங்க!" தூரத்திலிருந்து மேங் இரு கையையும் ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார். அதற்குள் 'டிக்'கென்று கோடு ஓடிவிட்டது.

டாக்குக்கு முகம் காது மடல் வரை சிவந்தது. அணைக்கப் பார்த்தார். கையுறை போட்ட விரலுக்குத் திரை மசியவில்லை. பல்லால் கையுறையை இழுத்தார்.

அதற்குள் கைபேசியிலிருந்து மேங்கின் குரல் குடியிருப்பு முழுக்கக் கேட்டது:

"அழாதீங்கம்மா, மேல போங்க. நான் ஊத்தினதாச் சொல்லிக்கறேன். ஐயா என்னைத் திட்டினா பத்து நிமிஷத்துல முடிஞ்சிடும். உங்களைத் திட்டினா எவ்வளவு நேரம் ஆகும்னு, கீழே என் அறைக்கே தினமும் கேக்குதே."