நீலக் கயிறு

“பேட்டரி தீர்ந்துபோச்சு,” என்றார் இயந்திரத்தை இயக்கிக்கொண்டிருந்த ஹால்வர். திரை இருண்டுவிட்டது.

முந்நூறு மீட்டர் ஆழத்தில், கேமரா பொருத்திய எங்கள் இயந்திரம், மூழ்கிப்போன மீன்பிடிப் படகின் கூரையை அப்போதுதான் நெருங்கியிருந்தது.

கேப்டன் சிசல் என் மேல் பாய்ந்தார். “என்னடா சார்ஜ் போட்ட?”

“முழுசாதான் ஏத்தினேன் கேப்டன். பச்சை விளக்கு எரிஞ்சப்புறம்தான் கழட்டினேன்.”

“அப்போ மீன் வந்து குடிச்சிட்டுப் போயிருச்சா? இன்னொரு தடவை இப்படி நடந்துது, கரையில இறக்கி விட்டுருவேன். மறுபடி பள்ளிக்கூடத்துக்கே போ.”

என் மேல் தப்பே இல்லை. ஹால்வர் இயந்திரத்தை மேலே இழுக்கத் தொடங்கினார்.

“பையனைத் திட்டாதம்மா,” என்றார் பெரியவர் எய்னார். அந்தப் படகோடு போனது அவருடைய ஒரே மகன் உல்ரிக். படகைக் கண்ணால் பார்த்தே ஆகவேண்டும் என்று லொஃபோட்டன் தீவிலிருந்து எங்களோடு கப்பலில் ஏறி வந்தவர்.

“நாளைக்குப் பார்த்துக்கலாம். ஒண்ணு சொல்றேன், காலையில ஹால்வர்கிட்டயும் சொன்னதுதான். உல்ரிக் கிளம்பின அன்னைக்குப் பனிப்புயல். உயிர்காப்பு மிதவையை அலை அடிச்சிட்டுப் போயிடக் கூடாதுன்னு நானே நீலக் கயித்தால கூரையோட இறுக்கிக் கட்டினேன். அப்படியும் பிடுங்கிட்டுப் போயிருக்கு. மிதவை இருந்திருந்தா என் பிள்ளை பொழைச்சிருப்பான்.”

இயந்திரம் மேலே வந்ததும் பேட்டரியில் மீட்டரை வைத்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் சார்ஜ் இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“என்ன அண்ணே, பொய் சொல்லி என்னை மாட்டிவிட்டுட்டீங்களே!”

ஹால்வர் பதிவைப் பின்னால் ஓட்டி, கடைசிக் காட்சியில் நிறுத்தினார்.

கூரையில் மிதவை அப்படியே இருந்தது. படகு மூழ்கினால் தானாகக் கழன்று மேலே வரவேண்டிய மிதவை. சுற்றிலும் நீலக் கயிறு.

“கயித்து நுனி தெரிஞ்சதுமே திரையை மட்டும் அணைச்சுட்டேன், பதிவு ஓடிச்சு,” என்றார். “விசாரணைக்காரங்களுக்கு இந்தப் பதிவு போதும். பெரியவர் பார்க்க வேண்டாம்டா.”

மேல்தளத்திலிருந்து கேப்டன் குரல் கொடுத்தார். “டேய்! காலையில மறுபடி இறக்கணும், பெரியவர் பார்க்கணுங்கிறார். ஒழுங்கா சார்ஜ் ஏத்து!”

“சரி கேப்டன்!” என்று கத்திவிட்டு, சார்ஜர் வயரைப் பேட்டரியில் செருகாமலே சுருட்டி ஆணியில் மாட்டினேன்.