எவர்சில்வர் மூடி

மூடி அசையவே இல்லை.

நகத்தைக் கொடுத்தேன். ஸ்கேலை நுழைத்தேன், ஸ்கேல்தான் வளைந்தது. எவர்சில்வர் டப்பாவை மேசை விளிம்பில் ஓங்கித் தட்டியதில் ஆசிரியர் அறையே திரும்பிப் பார்த்தது.

சாப்பாட்டு இடைவேளையில் இருபது நிமிடம் போய்விட்டது. காலையிலும் பச்சைத் தண்ணீர்தான். கைக்கெட்டியது வாய்க்கெட்டவில்லை என்பதை இவ்வளவு விளக்கமாக எனக்குக் காட்டியிருக்க வேண்டாம்.

பி.டி. மாஸ்டர் வாங்கி, தொடை இடுக்கில் வைத்து இழுத்தார். கழுத்து நரம்பு புடைத்ததுதான் மிச்சம். திருப்பிக் கொடுத்துவிட்டுத் தன் சாப்பாட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

"சார், காலையில எட்டாங்கிளாஸ்ல தகர டின்னை நசுக்கிக் காட்டினீங்களே, அதே கதைதானே இது?" என்றார் கணக்கு டீச்சர். வாயில் சோறு வேறு.

அதே கதைதான். இரண்டாவது பீரியடில் கரும்பலகையில் நானே எழுதியது: சூடாக மூடினால் உள்ளே நீராவி குளிர்ந்து நீராகும், உள்ளழுத்தம் குறையும், வெளிக்காற்று அழுத்தும். டின் மடங்கி விழுந்ததும் பிள்ளைகள் கைதட்டினார்கள். அதே நேரத்தில் இங்கே பைக்குள் என் டப்பா தன் பாட்டுக்கு அந்தப் பாடத்தைச் செய்துகொண்டிருந்திருக்கிறது.

கொதிக்கக் கொதிக்கச் சோற்றைப் போட்டு அமுக்கி மூடியவனும் நான்தான். வேறு ஆள் யார் இருக்கிறார்கள்? என் மனைவி கோபித்துக்கொண்டு அவள் அண்ணன் வீட்டுக்குப் போய் இன்றோடு ஆறு நாள். முதலில் நான் போன் செய்வதில்லை என்று சபதம். அவளும் செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் அண்ணன் பேச வருகிறாராம். அவர் வந்து உட்கார்ந்துவிட்டால் பிறகு எதுவும் எங்கள் இருவர் கையில் இருக்காது. அது தெரிந்தும் வீம்பு விடவில்லை.

வயிறுதான் வீம்பை விட்டது. டப்பாவோடு வராந்தாவுக்குப் போய் அவள் எண்ணை அழுத்தினேன்.

"டப்பா மூடி திறக்க மாட்டேங்குது," என்றேன். வேறெதுவும் வாயில் வரவில்லை.

வைத்துவிடுவாள் என்றே நினைத்தேன்.

"சூடா மூடிட்டீங்களா?"

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பதினோரு வருடமாகத் தினமும் காலையில் இந்த டப்பா சமையலறை ஜன்னலோரம் திறந்தே கிடக்கும். அவள் பக்கத்தில் நின்று ஒரு பழைய நோட்டு அட்டையால் விசிறிக்கொண்டிருப்பாள். நான் ஷூவை மாட்டிக்கொண்டு வாசலிலிருந்து கத்துவேன். ஒரு நாள்கூட மூடி இறுகியதில்லை. ஏன் என்று ஒரு நாளும் நான் யோசித்ததில்லை.

ஆறு நாளுக்கு முன்பும் சோறு ஆற அதே பத்து நிமிடம்தான். அதற்குள் என் பஸ் போய்விட்டது.

ஒரு டப்பாவை மூடத் துப்பில்லாதவள் என்று அன்றைக்குத்தான் சொன்னேன்.