எதிர்க்கடைக் கூட்டம்

"பாத்தியாலே மாப்ள, அங்கன ஏழு பேரு. இங்கன ஈ கூட இல்ல."

வெள்ளத்துரை எழுந்து எழுந்து எதிர்க்கடையை எட்டிப் பார்த்தார். சங்கரன்கோவிலில் பன்னிரண்டு வருசமாகக் கம்ப்யூட்டர் விற்கிறவர். எட்டு மாசத்துக்கு முன்னால் எதிரிலேயே கடை போட்ட எப்சிபாவுக்கு இத்தனை கூட்டமென்றால் வயிறு எரியாதா?

"என் சாமான் மட்டம்னு அவ சொல்லாம இவ்வளவு பேரு போவானாலே? நீ ஊருக்குப் புதுசு, உன்னைய அவளுக்குத் தெரியாது. போயிப் பேச்சுக் குடு. எனக்குப் போன் போட்டு, கட் பண்ணாம சட்டைப்பையில வையி. நான் இங்கன ரெக்கார்ட் பண்ணுதேன். நாளைக்கு வியாபாரிகள் சங்கத்துல போட்டு நாறடிச்சிருதேன்."

மச்சினன் இசக்கிராஜா ரோட்டைத் தாண்டினான். வெள்ளத்துரை போனைக் காதில் ஒட்டிக்கொண்டார்.

"இருக்கதுலயே பெரிய பிராசசர் போட்டு ஒரு கம்ப்யூட்டர் பெட்டி வேணும்."

"பிராசசர் கெடக்கட்டும்ணே, மொதல்ல மதர்போர்டு. அதுல உள்ள சிப்செட் எம்புட்டுப் பெரிய பிராசசரத் தாங்கும், எத்தன வருசம் ஒழைக்கும்னு பாத்துட்டு, அதுக்குத் தக்கனதான் பிராசசர் எடுக்கணும்."

பெரிய இவ! வெள்ளத்துரை பல்லைக் கடித்தார்.

"எதிர்க்கடையில எந்தப் போர்டானாலும் பெரிய பிராசசர் மாட்டித் தாராகளே?"

அப்படிக் கேளுலே! இப்போது மாட்டிக்கொள்வாள்.

பதில் வருவதற்குள் வேறொரு குரல் புகுந்தது. தறி வைத்திருக்கும் பெத்துராஜ்.

"எம்மா, எதிர்க்கடையில வாங்குன பெட்டி ரெண்டே மாசத்துல செத்துப் போச்சு. ரிப்பேர் பாக்கதில்லன்னு வெரட்டி விட்டுட்டாரு. ஏமாத்திட்டாரோ?"

"சேச்சே! உங்க தெருவுல அம்புட்டுத் தறியும் ஒண்ணா நின்னா கரண்ட் எகிறும்லா அண்ணாச்சி, அதான். கடைக்காரரு என்ன செய்வாரு? வச்சிட்டுப் போங்க, சாயங்காலம் தாரேன்."

பெத்துராஜ் போனதும் இசக்கிராஜா கேட்டான்.

"நெசமாவே கரண்ட்தானா?"

எப்சிபா குரலைத் தாழ்த்தினாள்.

"இல்லண்ணே. இந்த மாதிரி சிப்செட் போர்டுக்குச் சின்னப் பிராசசர்தான் சரி. அவரு பெருச மாட்டிருதாரு, சூடு தாங்காம செத்துப் போவுது. இங்கன வந்த ஏழு பேரும் அங்கன வாங்குனவங்கதான். எல்லாருக்கும் கரண்டுன்னுதான் சொல்லி அனுப்புதேன். உள்ளதச் சொன்னா அவரு கடைய மூட வேண்டியதுதான், பாவம். நீங்க அங்கனயே வாங்குங்க. ஆனா போர்டப் பாத்து வாங்குங்க. நான் சொன்னேன்னு வெளிய விட்டுராதீங்க."

இசக்கிராஜா மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"அத்தான், அவ சொன்னதெல்லாம் கேட்டுச்சா? ரெக்கார்ட் ஆச்சா?"

வெள்ளத்துரை போனில் எதையோ அழித்துவிட்டு நிமிர்ந்தார்.

"எங்கலே? டவரே இல்ல. ஒரு எழவும் கேக்கல."