எல்லா ஊரிலும் நிற்கும் ரயில்

“நொசோமி அங்க நிக்காதுதானே?”

சிஹோ இதை மூன்றாவது தடவையாகக் கேட்டாள். நகோயா ஸ்டேஷன் டிக்கெட் கவுன்டரில் இருந்த பெண்ணுக்குப் பாவமாக இருந்தது.

“ஷின்-ஃபுஜில நிக்காதும்மா. நொசோமி வேகமான வண்டி, இங்க விட்டா ஷின்-யோகோஹாமாலதான் நிக்கும். அவசரம்னா ஹிகாரி வண்டில ஷிசுவோகா வரைக்கும் போய் மாறிக்கலாம், கொஞ்சம் முன்னாடி போயிடலாம். கொடாமான்னா மாற வேணாம், ஆனா ஒரு ஊர் விடாம நின்னு நின்னுதான் போகும்.”

“நிக்கட்டும். கொடாமாவே குடுங்க. முன்பதிவு வேணாம்.”

டிக்கெட்டை வாங்கிக்கொண்டு திரும்பும்போது, அவளுக்குப் பின்னால் நின்ற ஆள் கவுன்டரில் சொன்னது காதில் விழுந்தது.

“எனக்கும் அதே வண்டி. அதே ஊர்.”

சாம்பல் நிறத் தொப்பி, வெள்ளை முகக்கவசம், ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். சிஹோ சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டு நடையை எட்டிப் போட்டாள். நேற்றைய காயம் துணி பட்டதும் எரிந்தது.

இரண்டு மாதமாக யோசித்துத்தான் இந்த ஊரைத் தேர்ந்தெடுத்திருந்தாள். ஓடினால் டோக்கியோவுக்குத்தான் ஓடுவாள், அதுவும் நொசோமியில்தான் ஓடுவாள் என்று அவள் கணவன் குனியாகி நினைப்பான். வேக வண்டிகள் திரும்பிக்கூடப் பார்க்காத ஊரில் பள்ளித்தோழி மகிகோ இருந்தாள். ஸ்டேஷன் வாசலில் நிற்பேன் என்று சொல்லியிருந்தாள்.

காலையில் குனியாகி குளியலறைக்குள் போனதும் பையை எடுத்தாள். சமையலறையில் மாமியார் ஃபுசாயே மிசோ சூப் கலக்கிக்கொண்டிருந்தாள். கிழவி பையைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், பிறகு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒன்பது வருஷத்தில் மகனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள். இந்நேரம் மகனிடம் சொல்லியிருப்பாள்.

ரயிலில் ஆறாவது பெட்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். தொப்பிக்காரன் உள்ளே வந்து, கதவை ஒட்டிய இருக்கையில் உட்கார்ந்தான்.

கைபேசி அதிர்ந்தது. குனியாகி. அடங்கி, மறுபடி அதிர்ந்தது. மறுபடியும் குனியாகி. எட்டாவது தடவை அதை அணைத்துவிட்டாள். எங்கே இருக்கிறாள் என்று அதை வைத்தே கண்டுபிடிப்பான் என்பது அப்போதுதான் உறைத்தது.

டோயோஹாஷியில் வண்டி நின்று, கிளம்பாமல் கிடந்தது. பின்னால் வரும் நொசோமிக்கு வழிவிடுவதாக ஒலிபெருக்கி சொன்னது.

அடுத்த நிமிஷம் பெட்டி முழுவதும் குலுங்கியது. வெள்ளையாக ஏதோ ஜன்னலைக் கடந்து போய் முடிந்தது. அதில் குனியாகி இருந்திருந்தால்? இவள் இங்கே உட்கார்ந்திருக்க, அவன் முன்னால் போய்க்கொண்டிருந்தால்? அது ஷின்-ஃபுஜியில் நிற்காது, நிற்கவே நிற்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உள்ளங்கை வேர்த்து டிக்கெட் நமுத்துப்போயிருந்தது.

தொப்பிக்காரன் எழுந்து கதவருகே நின்று ப்ளாட்ஃபாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வண்டி கிளம்பியதும் வந்து உட்கார்ந்தான். ஹமமட்சுவிலும் அப்படியே செய்தான்.

ககெகாவா தாண்டியதும் அவள் கழிவறைக்கு எழுந்தாள். பெட்டிகளுக்கு நடுவே, அவளுக்கு முதுகைக் காட்டி அவன் கைபேசியில் பேசிக்கொண்டிருந்தான்.

“ஆமா, ஆறாவது பெட்டிதான். தனியாத்தான் இருக்கா. ஷின்-ஃபுஜில எறங்குவா. நானும் எறங்கிடுவேன், விட மாட்டேன்.”

சிஹோ கழிவறைக்குப் போகவில்லை. சத்தமில்லாமல் இருக்கைக்குத் திரும்பினாள்.

அடுத்த ஊர் ஷிசுவோகா. அங்கேயே இறங்கிவிடலாம் என்று முடிவு செய்தாள். வண்டி நின்றதும், கடைசி நொடி வரை காத்திருந்து, அவனிருந்த கதவை விட்டு பெட்டியின் மறுகோடிக் கதவுக்கு ஓடினாள். ஒரு காலை வெளியே வைப்பதற்குள் அவன் தன் பக்கக் கதவு வழியாக இறங்கி ப்ளாட்ஃபாரத்தில் ஓடி வந்து முன்னால் நின்றான்.

“இங்க எறங்காதீங்க. உள்ள போங்க.”

“கத்துவேன்.”

“கத்துங்க, பரவாயில்ல. ஆனா உள்ள போயிட்டு கத்துங்க.”

அவன் ஏறியதும் கதவு மூடியது. சிஹோ சுவரோடு ஒட்டி நின்றாள். பையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“அவர் எவ்வளவு தரேன்னு சொன்னார்?” என்றாள். “நான் திரும்பிப் போனா செத்துடுவேன். தெரியுமா உங்களுக்கு?”

அவன் முகக்கவசத்தை இறக்கிவிட்டு, கைபேசியில் எண்ணை அழுத்தி அவளிடம் நீட்டினான்.

“உங்க போன் கெடைக்கலியாம். நீங்களே பேசுங்க.”

வாங்காமல் இருந்தால் என்ன செய்வானோ என்ற பயத்தில் வாங்கினாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு காதில் வைத்தாள். குனியாகியின் மூச்சு எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

அது ஒரு கிழவியின் மூச்சாக இருந்தது. பின்னால், தூரத்தில், யாரோ இழுப்பறைகளைக் கவிழ்த்துப் போட்டுத் தேடும் சத்தம்.

“சிஹோவா? மெதுவாப் பேசறேன், அவன் பக்கத்து ரூம்ல இருக்கான். கார் சாவி எங்கிட்ட இருக்கு, குடுக்க மாட்டேன். உங்கூட இருக்கறது என் தம்பி. பதினஞ்சு வருஷமா இந்த வீட்டு வாசப்படி மிதிக்காதவன், காலைல நான் கூப்பிட்டு உன் சட்டை, பை அடையாளம் சொன்னதும் ஸ்டேஷனுக்கு ஓடி வந்தான். நீ போன்ல பேசினது என் காதுல விழுந்துது, உன்ன பத்திரமா அந்தத் தோழிகிட்ட விட்டுட்டுத்தான் வருவான்.”

சிஹோவுக்கு “அம்மா” என்று மட்டும் வந்தது.

கிழவியின் குரல் இன்னும் தாழ்ந்தது.

“நீ திரும்பி வந்துடாத.”