அக்கா சொன்ன சீரியல்

சீரியல் பார்த்து அழுகிறவர்களைக்கூட மன்னித்துவிடலாம். போன் போட்டு அதன் கதையை அடுத்தவருக்குச் சொல்கிறவர்களுக்கு மட்டும் ஓட்டுரிமையே இருக்கக் கூடாது என்று அறிவித்தான் 'விமர்சகர்'.

விமர்சகர் என்பது கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர். தொழில், பல் செட் செய்வது.

நாலு பேர் இடித்துக்கொண்டு உட்காரும் அந்தச் சின்ன லேபில், மெழுகுக்கும் பிளாஸ்டருக்கும் நடுவே, அவனுடைய தீர்ப்புகள்தான் பொழுதுபோக்கு. காமெடி ஷோ ஒன்றுதான் கலை. மற்றதெல்லாம் சம்பளம் வாங்கிக்கொண்டு அழுவது.

ஊர் சிரிப்பதற்கே பல் செய்து தருகிறவன் சொல்கிறான். யார் எதிர்த்துப் பேசுவது?

சொல்லி வாய் மூடுவதற்குள் போன் அடித்தது. அக்கா.

கல்யாணமாகித் தூரத்துக்குப் போனவள். கூடப்பிறந்தவன் இவன் ஒருத்தன்தான். மதியச் சாப்பாடு முடிந்ததும் தவறாமல் கூப்பிடுவாள். முந்தின நாள் சீரியல் கதையை ஒன்றுவிடாமல் சொல்வாள்.

கலக்கிய பிளாஸ்டரை இறுகுவதற்குள் அச்சில் ஊற்றியாக வேண்டும். அந்தக் கையோடு போனைக் காதில் வைக்க முடியாது. சுண்டுவிரல் நுனியால் தட்டி ஸ்பீக்கரில் போட்டுவிடுவான். மற்ற மூவரும் மெஷினை நிறுத்திவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு கேட்பார்கள்.

அக்காவுக்கு அது தெரியாது.

அன்றைக்குக் கதையில் புருஷன்காரன் மருமகளின் போன் சார்ஜரைப் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தான். யாரிடம் பேசப்போகிறாள் என்று சொன்னால்தான் எடுத்துக் கொடுப்பானாம்.

"எந்த ஊர்லக்கா சார்ஜரைப் பூட்டி வைக்கிறான்? லாஜிக்கே இல்ல. கதை எழுதறவனுக்குக் கற்பனை வறண்டு போச்சு."

"அப்படியாடா? எனக்கு என்னவோ நம்பற மாதிரிதான் இருக்கு."

மேலே ஏதோ சொல்ல வந்தாள். வழக்கம்போல சார்ஜ் தீர்ந்து லைன் போய்விட்டது.

பல்லுக்குப் பாலிஷ் போடும் அண்ணன் சிரித்துச் சிரித்துக் கலங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உங்க அக்காவுக்குத் தனி டிக்கெட்டே போடலாம்டா."

மறுநாள் அக்காவின் குரல் இறங்கியிருந்தது. கதை சொல்லவில்லை. கேள்வி கேட்டாள்.

"ஏண்டா, அந்த மருமக வீட்டை விட்டு வந்துட்டா தப்பா? நீ என்ன நினைக்கிற?"

கையில் பிளாஸ்டர் இறுகிக்கொண்டிருந்தது. எதிரே மூன்று முகங்கள் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன. மேடை கிடைத்தால் விடுகிற ஆளா அவன்?

"வந்துட்டா சீரியல் முடிஞ்சிடுமேக்கா! எத்தனை பேர் பொழப்பு அது. இன்னும் ஒரு ஆயிரம் எபிசோட் பொறுத்துக்கச் சொல்லு."

இந்த முறை யாருக்கும் வாயைப் பொத்தத் தோன்றவில்லை. லேபே வெடித்தது. பாலிஷ் அண்ணன் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

அத்தனை பேர் சிரிப்பும் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது.

பிறகு அக்காவும் சிரித்தாள். "சரிடா. நீ வேலையைப் பாரு."

அதற்குப் பிறகு மதியத்தில் போன் அடிப்பது நின்றுபோனது.

இவனாகக் கூப்பிட்டால் எடுத்தாள். நல்லா இருக்கேன் என்பாள், வைத்துவிடுவாள். ஒரு ஜோக்குக்கு இவ்வளவு கோபமா என்று முதலில் அவனுக்கும் கோபம் வந்தது. அப்புறம் அந்த மதியங்கள் நீண்டன. எந்தத் தீர்ப்பும் எடுபடவில்லை.

சமாதானம் பேச ஒரே வழிதான் இருந்தது. மானத்தைக் கொஞ்சம் மடித்து வைத்துவிட்டு, அந்தச் சீரியலைப் பார்த்து, நாலு நல்ல வார்த்தை சொல்லிவிடுவது.

விடுமுறை நாளில் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு போனில் தேடி எடுத்தான்.

ஒரு பஸ் கம்பெனி. அதற்காக அடித்துக்கொள்ளும் அண்ணன் தம்பி. இரண்டு பேருக்கும் தலை நரைத்திருந்தது. இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை.

மருமகள் இனிமேல் வருவாள் என்று பார்த்தான். வரவில்லை. பின்னால் போய்ப் பார்த்தான். முதல் எபிசோடிலிருந்து ஓட்டி ஓட்டிப் பார்த்தான். அந்த வீட்டில் மருமகள் என்று யாருமே இல்லை.

சீரியலின் பெயரை மறுபடி சரிபார்த்தான். அக்கா சொன்ன பெயர்தான்.

அதற்கு மேல் ஓட்டவில்லை. திரை தானாக அணைந்த பிறகும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் மதியம் கையைத் தேய்த்துக் கழுவினான். லேபுக்கு வெளியே மாடிப்படியில் போய் நின்றுகொண்டு கூப்பிட்டான். ஸ்பீக்கரில் போடவில்லை.

வெகுநேரம் அடித்து, எடுத்தாள். "சொல்லுடா." அவளுக்குப் பின்னால் ஓர் ஆண்குரல் யாரென்று கேட்டது. "தம்பிங்க," என்றாள் அங்கே.

அவன் இன்னும் இரண்டு படி கீழே இறங்கினான்.

"அக்கா, அந்த மருமக இருக்கால்ல... நேத்து எபிசோட்ல கிளம்பிட்டாக்கா. தம்பிக்காரன் ஒரு மடையன். முன்னாடியே புரிஞ்சிருக்கணும், புரியல. இப்ப ரூமைக் காலி பண்ணி வெச்சுட்டு, வண்டி எடுத்துட்டு வந்து தெருமுனையில நிக்கறான்."

"நான் இப்பல்லாம் அதைப் பாக்கறதே இல்லடா," என்றாள் அக்கா, பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும்படியாக.

ஆனால் போனை வைக்கவில்லை.

உள்ளேயிருந்து பாலிஷ் அண்ணன் இரண்டு தரம் கூப்பிட்டார். அவன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு படியில் உட்கார்ந்தான். எந்தச் சேனலிலும் வராத அந்தக் கதையின் அடுத்த எபிசோடை, ஒன்றுவிடாமல், சொல்லத் தொடங்கினான்.