உஷார் பலகை

குழந்தைத் துணிகளை அலசிப் பிழிந்து முடித்தவள், அழுக்குத் தண்ணீரை அப்படியே மாடி ஜன்னல் வழியாகச் சாய்த்தாள். கீழே கிடந்த கிழிந்த மெத்தை, உடைந்த சோபா, அட்டைப் பெட்டிகள் மேல் சளாரென்று விழுந்தது.

“மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா?” கீழே நின்று கத்தினார் குடியிருப்போர் சங்கச் செயலாளர். “அந்த இடமே நாறுது! மனுஷங்க குடியிருக்க வேணாமா?”

“இல்லீங்க சார், ஊத்தலேன்னா...”

“பேசாதே! நாளைக்குத் தீயணைப்பு அதிகாரி வர்றார். இன்னொரு வாளி விழுந்துச்சு, வீட்டைக் காலி பண்ணிட வேண்டியதுதான்.”

நாலு பேர் முன்னால் அவளுக்கு நாக்கு எழாது. ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.

இரண்டு மாதமாகத் தெருவில் எவனோ குப்பைக் குவியலாகப் பார்த்துத் தீ வைக்கிறான். குவியலை அள்ளிவிடலாம் என்று ஒருவர் சொன்னதைச் சங்கம் காதில் வாங்கவில்லை. அதற்குப் பதில் குவியலருகே ஒரு பலகை வைத்தது. ‘தீ வைப்போரே, உஷார்!’ எழுத்தைவிடச் செயலாளர் படம் பெரிசு. அன்றிலிருந்து இங்கே ஒரு பொறிகூடப் பறக்கவில்லை.

மறுநாள் அதிகாரி வந்தார். குடியிருப்பே கீழே கூடியது. தூங்கும் குழந்தையைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு அவளும் ஓரமாக வந்து நின்றாள்.

“எல்லாம் பலகை சார்” என்றார் செயலாளர். “என் மூஞ்சியைப் பார்த்தாலே பயப்படறானுங்க.”

அதிகாரி குனிந்து ஒரு குச்சியால் குவியலைக் கிளறினார். அணைந்த தீக்குச்சிகள். எண்ணினார். பதினொன்று.

“உங்க படத்துக்குக் கீழே உட்கார்ந்துதான் பத்த வச்சிருக்கான். குவியல் ஈரம், அதான் பிடிக்கலை. பிடிச்சிருந்தா மேலே அந்த ஜன்னல்தான் முதல்ல போயிருக்கும்.” அந்த ஜன்னல் கொடியில் குழந்தைத் துணிகள் ஆடிக்கொண்டிருந்தன. “தண்ணி ஊத்துற புண்ணியவான் யாரு? மேல்பக்கம் காய ஆரம்பிச்சிடுச்சே, இன்னைக்கு ஏன் ஊத்தலை?”

எல்லோர் கண்ணும் அவள் பக்கம் போயிற்று.

செயலாளர் தொண்டையைச் செருமினார். “சங்கத்து ஏற்பாடுதான் சார். தினமும் ஊத்தணும்னு கண்டிப்பாச் சொல்லி வச்சிருக்கோம்.” அவளிடம் திரும்பி அதட்டினார். “ஏம்மா, இன்னைக்கு ஏன் ஊத்தலை?”

“ஏ பொண்ணு, குழந்தை எழுந்துடுச்சு, ஓடி வா!” மாடியிலிருந்து அக்கா குரல்.

“இதோ வந்துட்டேன்க்கா!” படியில் ஓடிக்கொண்டே, வாழ்க்கையில் முதல் தடவையாக நாலு பேருக்குக் கேட்கச் சொன்னாள். “நீங்கதானே சார், இன்னொரு வாளி விழுந்தா வீட்டைக் காலி...”